சோணையின் நிழலுக்கு நாற்பது ஆம்பியர்

கோச்சடைத் தையல்காரி கனகலட்சுமி ஆர்கான் வெல்டிங்கை முதன்முதலாகப் பற்றவைத்த செவ்வாய்க்கிழமை காலையில், வாசலில் நின்றுகொண்டிருந்த அவள் புருஷன் சோணையின் நிழலில் நெஞ்சுக்கு நேராக ஓர் ஓட்டை விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அதன் வழியே வெயில் இறங்கித் தரையில் வட்டமாக, பளிச்சென்று கிடந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ முப்பது ரூபாய்க்கு இறங்கியிருந்ததால் தெருவே தள்ளுவண்டியைச் சுற்றி நின்றது. நிழலை யாரும் கவனிக்கவில்லை. சோணையும் கவனிக்கவில்லை. அவனுக்குத் தாகமாக இருந்தது. ஒரு செம்பு குடித்தான், இன்னொரு செம்பு குடித்தான், பிறகு குடத்தையே தூக்கி அண்ணாந்தான். தண்ணீர் உள்ளே போனது. தாகம் போகவில்லை.

கனகலட்சுமி அதுவரை ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். அவளுடைய பள்ளிக்கூடத் தோழி சாதிகா, காஜிமார் தெருப் பக்கம் எவர்சில்வர் பாத்திரமும் ஓட்டல் அடுப்படிச் சாமானும் விற்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் அந்தக் கடையின் பின்கட்டில் ஒருவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மூலை ஒட்டிக்கொண்டிருந்ததை, சாதிகா நீட்டிய கறுப்புக் கண்ணாடி வழியாகக் கனகலட்சுமி பார்த்தாள். ஊசி முனையில் நெருப்பு. அதற்கு அடியில், உருகிய எவர்சில்வர் ஒரு சொட்டு நெய் மாதிரி நின்று, நெருப்பு போன பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே போனது. பொறி பறக்கவில்லை. சத்தமும் இல்லை, மெல்லிய ரீங்காரம் மட்டும். நூலே இல்லாமல் தைக்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் கண்ணை மூடினால் அந்த நெய்ச்சொட்டுதான் தெரிந்தது. சோறு வடிக்கும்போதும், ஊக்கு தைக்கும்போதும் அதே ஞாபகம். கடையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் அடுத்த மாதமே கத்தாருக்குப் போய்விட்டார். "ஆர்டரு குமிஞ்சு கெடக்கு கனகா, ஒட்டத்தான் ஆளு இல்ல" என்று சாதிகா போனில் அலுத்துக்கொண்டபோது, கனகலட்சுமி தன்னையும் அறியாமல் "நான் ஒட்டுறேன்டி" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

கோயம்புத்தூரிலிருந்து லாரி செட்டுக்கு மெஷின் வந்து இறங்கிய அன்று அவளைவிடச் சோணைக்குத்தான் தலைகால் புரியவில்லை. அவன் கோச்சடைக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். காலையில் ஆட்டோவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் சாவியைத் தொடமாட்டான். அந்தச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து மெஷினின் குமிழ்களுக்கெல்லாம் பொட்டு வைத்தான். ஆர்கான் சிலிண்டருக்குப் பட்டை போட்டான். நெருப்புக் கக்குகிற டார்ச்சின் கைப்பிடிக்கு ஒன்று, கால் பெடலுக்கு ஒன்று. அன்றோடு விட்டானா? விடியற்காலையில் ஆட்டோவுக்கு வைக்கும்போதே, பெண்டாட்டி அன்றைக்கு ஒட்டப்போகிற தகடுகளின் ஓரத்திலும் வரிசையாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். சந்தனம் காய்ந்து, குங்குமம் உதிர்ந்து, அவள் எழுந்து வரும்போது வெறும் மஞ்சள் நிழலாட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் கண்ணில் அது பட்டதே இல்லை.

சொல்லித்தர ஆள் இல்லாததால் அவள் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இந்திக்காரர் ஒருவர் எண்பது வை என்றார். இங்கிலீஷ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்; அவர் விரல் நூற்றிருபதைக் காட்டியது. அவர்கள் ஒட்டியது தடித்த இரும்பு, இவள் கையில் இருப்பதோ பால் சட்டி கனமுள்ள தகடு என்பதை வீடியோ சொல்லவில்லை. இவள் இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று தொண்ணூறு வைத்தாள். போதாக்குறைக்கு அந்த மெஷினுக்கு உள்ள பெடலும் தையல் மெஷின் பெடல் போலவே இருந்தது. மிதிக்க மிதிக்கக் கரண்ட் கூடும். பல வருஷம் பவர் மெஷின் மிதித்த கால், கண்ணுகளா, சொன்ன பேச்சைக் கேட்குமா? தையல் கண்ணில் பட்டதும் அமுக்கிவிட்டது. தகட்டில் பொத்தான் அளவு ஓட்டை விழுந்தது. அதே நொடியில்தான் வாசலில் சோணைக்கும் விழுந்தது.

முதலில் கண்டவர் எதிர்த்த வீட்டு டீக்கடை மருது. "மாப்ள, ஒன் நிழலுக்கு ஊசி கீசி போட்டாங்களா? நெஞ்சுல வெளிச்சம் தெரியுதேய்யா!" என்றார். சோணை திரும்பித் திரும்பிப் பார்த்தான். குனிந்தால் ஓட்டையும் குனிந்தது. சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசையைத் தரையில் தடவிப் பார்த்தார்கள், தரைதான் ஒட்டியது. திருநகரில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் ரத்தம் எடுத்து, சர்க்கரை இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, நிழலுக்குத் தம்மிடம் வைத்தியம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். திரும்பிவரும் வழியில் சோணை மூன்று இடத்தில் ஆட்டோவை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சவாரிக்காரர்கள் இறங்கி வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவள் இன்னொரு தகட்டைப் பொத்தலாக்கினாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்முன்னாலும் சோணையின் ஓட்டை 'பொக்'கென்று எலுமிச்சம்பழ அளவுக்கு விரிந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் விளங்கியது. கனகலட்சுமி அழுதுகொண்டே மெஷினைப் பழைய சேலையால் மூடினாள். இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்தாள். ஆனால் மூடி வைத்ததால் ஓட்டை சின்னதாகவில்லை, தாகமும் தணியவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சோணை தானே வந்து சேலையை உருவினான். ஒரு கையில் செம்பு இருந்தது.

"கிழிச்சது நீ. மூடி வச்சா தானா தையலு விழுந்துருமா? பத்த வையி கனகு."

"பெருசாகிப் போச்சுன்னா?"

"ஆனா ஆயிட்டுப் போவுது. அதுக்காக நான் காலம் பூரா குழாயடியிலயா குடியிருக்கிறது? வையி."

அவள் பெடலைக் கோழிக்குஞ்சு மேல் மிதிப்பதுபோல் மிதித்தாள். எப்படியோ, எதனாலோ, விரல்கடை நீளத்துக்கு ஒரு வரி பொன்னிறமாக விழுந்தது. அடுக்கி வைத்த பத்துப் பைசாக் காசுகள் சரிந்து படுத்த மாதிரி வரிவரியாக மின்னியது. வெளியே மருது கத்தினார்: "சுருங்குது! சுருங்குது தங்கச்சி! நிப்பாட்டாத!" ஓட்டையின் ஓரம் ஒரு நூல் அளவு உள்ளே வந்திருந்தது. சோணை அந்த வாரத்தில் முதல் தடவையாக எச்சில் விழுங்கினான். நல்ல வரி விழுந்தால் மூடும், கெட்ட வரி விழுந்தால் விரியும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த விரல்கடை வரியை எந்த அளவில் வைத்து அடித்தோம் என்பது அவளுக்கே தெரியவில்லை. பயத்தில் எல்லாக் குமிழையும் திருகியிருந்தாள்.

அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு வேறு ஜோலி இல்லை. மெஷின் ஓடும் நேரத்தில் சோணையின் நிழல்தான் கிழிந்தது என்றாலும், மற்றவர்களின் நிழல்களும் சும்மா இருக்கவில்லை. டார்ச் ஒயரையும் எர்த் ஒயரையும் அவள் மாற்றிச் சொருகிய அன்று, கோச்சடையில் அந்த ஒரு தெருவில் மட்டும் நிழல்கள் எல்லாம் சூரியன் இருக்கும் பக்கமே விழுந்தன. வடகம் காயவைத்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு இடம் தெரியாமல் அலைந்தார்கள். உள்ளே டார்ச்சின் ஊசிமுனை உருகி மிளகு மாதிரி உருண்டு நின்றது. அவள் ஒயர்களை அதனதன் இடத்தில் சொருகியதும் நிழல்கள் புரண்டு படுத்தன. கேஸ் அதிகமானால் நல்லதுதானே என்று அவள் நினைத்து முழுக்கத் திறந்தபோது, நிழல்கள் கொடியில் காயும் கைலி போலப் படபடத்தன. ரொம்பக் குறைத்தபோது கரியாகிப் போயின. ஆட்கள் நடந்துபோன பிறகும் தரையில் கரி கிடந்தது, பெண்கள் அதை விளக்குமாற்றால் கூட்டி அள்ளினார்கள். டார்ச்சைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடித்தால் நிழல்கள் பெருத்தன. எலும்பும் தோலுமான மருது தன் நிழலில் ஒரு தொப்பையைப் பார்த்துவிட்டு, "இப்புடியே பிடிச்சிரு தங்கச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். சோணை கோபத்தில் வாயிலிருந்த தண்ணீரை அவர் மேல் கொப்புளித்தான்.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. அவள் முகமூடிக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்க, வெளியே உள்ளவர்கள் நிழலைப் பார்த்தே குறையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கீரை விற்க வந்தவள் கூடையை இறக்காமலே "ஏத்தா, நிழலு உப்புது, டார்ச்சை இறக்கு" என்பாள். பள்ளிக்கூட வேன் டிரைவர் "ஆடுது, ஆடுது, கேஸைக் குறை" என்று ஹாரன் அடிப்பார். ஆர்கானையும் ஆம்பியரையும் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் நிழல் தெரியும். அப்படித்தான் நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் கேஸ் போதும் என்று முடிவானது. ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு அரிசி படுக்கிற இடம்தான் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் முடிவானது.

கரண்டு மட்டும் பிடிபடவில்லை. தொண்ணூறில் ஓட்டை. எழுபதில் வரி சாம்பல் நிறமாக வெந்துபோயிருந்தது. அறுபதில் நீலம். ஐம்பதில் கத்தரிப்பூ நிறம். அப்போது சோணையின் நிழல் ஓரமும் கத்தரிப்பூ நிறத்தில் தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது, ஆனால் மூடவில்லை. முப்பதுக்கு இறக்கினால், இணைப்பில் ஊட்டுகிற எவர்சில்வர் கம்பி உருகிப் பருக்கை பருக்கையாக மேலே உட்கார்ந்ததே தவிரத் தகட்டோடு சேரவில்லை. நாற்பதில் வைத்த அன்று வரியின் ஓரம் பொன்னிறம் காட்டியது. அவள் உள்ளே துள்ளினாள். அடுத்த அங்குலமே கறுத்துப்போனது. வெளியே நிழல்கள் அத்தனையும் ஒரே பக்கமாக, வைகை இருக்கும் திசையில் இழுபட்டுக்கொண்டு ஓடின. அன்றைக்குத்தான் சாதிகா பர்தாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டம் என்று திட்டிக்கொண்டே வந்திறங்கினாள். வாசலில் நின்று ஓடுகிற நிழல்களைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடியே, டேபிள் ஃபேனை ஓட விட்டுக்கிட்டா ஒட்டுற? கேஸெல்லாம் காத்துல போவுதுடி!"

"வெக்கையில உக்கார முடியலடி. மண்டை காயுது."

"காயட்டும். அண்ணன் அங்க மொத்தமா காயிறாரு."

ஃபேனை நிறுத்தினார்கள். நிழல்கள் நின்றன. வியர்வை கனகலட்சுமியின் மூக்கு நுனியில் சேர்ந்து முகமூடிக்குள் சொட்டியது. இப்போது எல்லாம் சரி. நாற்பது ஆம்பியர், ஏழு லிட்டர், அரிசி இடைவெளி, தீட்டிய ஊசி, காற்றில்லாத அறை. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் தகட்டின் ஓரத்தில் தொட்டு ஆரம்பித்தாள். வரி ஆரம்பித்த இடத்திலேயே குமிழ் குமிழாகக் கொதித்து, கறுத்து, ஊசிக்கண் போல் பொத்தல் பொத்தலாக நின்றது. வெளியே சோணை முனகினான். ஓட்டை இரண்டு கை அகலத்துக்கு விரிந்து, இடது அக்குள் பக்கம் நிழலின் விளிம்பை நெருங்கிவிட்டது. நடுவில் இருந்தது ஒரு கயிறு அகலம். அதுவும் அறுந்தால் கிழிசல் குறுக்கே ஓடி, தலைப்பக்க நிழல் தனியாகவும் கால்பக்க நிழல் தனியாகவும் போய்விடும். பிறகு ஆற்றையே குடித்தாலும் அவன் உடம்பில் ஒரு சொட்டு தங்காது. அவன் ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தான். உதடு வெடித்திருந்தது. குழாயடியில் டியூபை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தான்.

கனகலட்சுமி முகமூடியைக் கழற்றி வீசினாள். "எல்லாந்தான் சரியா வச்சேன். இன்னும் எதைத்தான்டி மாத்துறது?" சாதிகா தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். பொத்தல் விழுந்த இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பிறகு ஒட்டாமல் கிடந்த மற்றத் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள்.

"சந்தனம் மணக்குது" என்றாள்.

இரண்டு பெண்களும் திரும்பிக் குழாயடியைப் பார்த்தார்கள். சோணை வாயிலிருந்து டியூபை எடுத்தான்.

"நல்லபடியா ஒட்டணும்னுதானேத்தா வச்சேன்" என்றான்.

"தெனமுமா?"

"தெனமுந்தான். அடில இருக்க தகட்டுக்குக்கூட விடல."

சாதிகா தலையில் கைவைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், இந்த மனுசன் தன் நிழலுக்குத் தானே பொத்தலு போட்டுக்கிட்டிருக்காரே" என்று சிரிக்க ஆரம்பித்தாள். தகட்டில் தூசியோ எண்ணெயோ விரல் ரேகையோ இருந்தால்கூட வரி கெட்டுவிடும் என்று கடையில் இருந்த ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சந்தனத்தைப் பற்றிச் சொல்ல அந்த ஆளுக்கு அவசியம் வந்ததில்லை. கனகலட்சுமிக்குத் திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "அண்ணே, சிலிண்டரு வயித்துல எம்புட்டு வேணும்னாலும் பூசுங்க. தகட்டை மட்டும் விட்டுருங்க" என்று சாதிகா சொன்னதற்கு, சோணை பயபக்தியோடு தலையாட்டினான்.

இனி ஒரு தடவை தப்பினாலும் கயிறு அறும். சோதித்துப் பார்க்க இடமில்லை. அப்போதுதான் கனகலட்சுமிக்கு அது தோன்றியது. "இவரு நிழலு கிழிஞ்சிருக்கு, நான் பாட்டுக்கு வெறுந்தகட்டுல தச்சுக்கிட்டிருக்கேனே! கிழிசலை மெஷினுக்கு அடியில வைக்காம எவளாவது தைப்பாளா?"

மறுநாள் காலை இளவெயில் விழுந்ததும் வாசலில் ஒரு பெரிய தகட்டைப் பரப்பினார்கள். சாதிகா அதை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தாள்; துணி அழுக்காகாத வரைக்கும் துடைத்தாள். காற்று வராமல் இருக்கத் தெருக்காரர்கள் பெட்ஷீட்டுகளைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள், கிழக்குப் பக்கம் மட்டும் திறந்துவிட்டு. சோணை ஒரு மரப்பலகை மேல், ரப்பர் செருப்போடு, இன்னொரு முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றான். அவன் நிழல் தகட்டின் மேல் நீளமாக விழுந்தது. நெஞ்சில் இருந்த ஓட்டை, வெயிலில் பளபளவென்று, தகட்டில் ஒரு தட்டு வைத்த மாதிரி தெரிந்தது. வேலை முடிகிற வரைக்கும் அவன் அசையக்கூடாது, குடிக்கவும் கூடாது. "மாப்ள, பல்லைக் கடிச்சுக்க" என்றார் மருது.

கனகலட்சுமி நாற்பது வைத்தாள். அக்குள் பக்கத்துக் கயிற்றில் ஊசியைக் கொண்டுபோனாள். நெருப்பு பற்றியதும் அந்த வெளிச்சத்தில் மற்ற எல்லார் நிழல்களும் தெறித்து ஓடிப் பெட்ஷீட்டில் ஏறிக்கொண்டன. சோணையின் நிழல் மட்டும் நகராமல், எஜமான் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது. நெய்ச்சொட்டு உருண்டது. அவள் கம்பியை அதில் ஒருதரம் தொட்டாள், நகர்ந்தாள், மறுபடி தொட்டாள். பொன்னிறம். அடுத்ததும் பொன்னிறம். ஓட்டையின் ஓரத்தை வளைத்துக்கொண்டு உள்ளே உள்ளே சுற்றிப் போனாள், முறுக்குப் பிழிகிறவர்கள் வெளியிலிருந்து நடுவுக்கு வருவதுபோல. கயிறு கை அகலமானது. சோணையின் கால் ஆடியது. "வெரசா முடிடி" என்று சாதிகாவே சொல்லிவிட்டாள். கனகலட்சுமி வேகப்படவில்லை.

நடுவில் ஒரு பொத்தான் அளவு வெயில் மிச்சம் இருந்தபோது ஆபத்து வந்தது. தையல் முடியப்போகிறது என்று கண்டதும் அவள் வலது கால் பழைய பழக்கத்தில் அமுக்கப் போனது. கால் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. நெய்ச்சொட்டு வீங்கிச் சிவந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்துக் குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல்களை ஒவ்வொன்றாகப் பெடலிலிருந்து எடுத்தாள். கரண்டு நாற்பதிலிருந்து முப்பதாக, இருபதாக, தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவதுபோல் இறங்கியது. கடைசிச் சொட்டை வைத்தாள். நெருப்பு அணைந்தது. கையை உடனே எடுத்தால் சூட்டில் காற்றுப்பட்டுக் கண் திறந்துவிடும் என்பதால், ஆர்கான் 'உஸ்'ஸென்று ஊதி முடிகிற வரைக்கும் டார்ச்சை அசைக்காமல் அங்கேயே பிடித்திருந்தாள். தெருவே அந்த 'உஸ்'ஸை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றது.

சோணை பலகையை விட்டு இறங்கினான். தகடு பின்தங்கியது, நிழல் அவனோடு வந்தது. நெஞ்சில் சுருள் சுருளாக ஒரு பொன்வரி இருந்தது, ஓட்டை இல்லை. மருது நீட்டிய செம்பை வாங்கி மடக்கு மடக்காகக் குடித்தான். பாதியில் நிறுத்தினான். செம்பைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். மீதித் தண்ணீரோடு செம்பைக் கீழே வைத்தான்.

"போதுமா மாப்ள?" என்று மருது கேட்டார்.

"போதும் மச்சான்."

கனகலட்சுமி முகமூடியைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதாள். சாதிகா பெட்ஷீட்டைத் தலைக்குமேல் சுழற்றி எறிந்தாள். மருது அன்று மதியம் வரைக்கும் எல்லாருக்கும் டீ ஓசியாகக் கொடுத்துவிட்டு, பால் தீர்ந்ததும் கடையைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. சாதிகாவின் கடைக்குத் தொட்டிகளும் பிரியாணி தேக்சாவின் மூடிகளும் கோச்சடையிலிருந்துதான் போகின்றன. திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படிக் கைப்பிடி முழுக்கக் கனகலட்சுமி ஒட்டியது. தடவிப் பார்த்தால் இணைப்பு தெரியாது. சோணை பழையபடி ஆட்டோ ஓட்டுகிறான். சாயங்கால வெயிலில் ரோட்டில் அவன் நிழல் நீளும்போது பொன்வரி மின்னும். பின்னால் பைக்கில் வருகிறவர்கள் அதைப் பார்த்து விலகிப் போவார்கள். கேள்விப்பட்டுத் திருநகர், திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஒருவருக்கு நிழலின் ஓரம் பிசிறு தட்டியிருக்கும், இன்னொருவருக்குக் கதவிடுக்கில் மாட்டிக் கிழிந்திருக்கும். குண்டான் ஒட்ட வந்தவர்களும் நிழல் ஒட்ட வந்தவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாத்திரத்தை எந்த நேரமும் கொண்டுவரலாம். நிழல் வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏறினால் நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும், டார்ச் பிடிக்க இடம் இருக்காது.